ஓர் ஆணி, இரண்டு தாய்மாமன்

தப்பு யார் செய்தாலும் தண்டனை என் சூப்புக்குத்தான். என் பெயர் ஹா. முப்பது வருஷமாகக் கல்யாணச் சமையல் செய்கிறேன். மாப்பிள்ளையின் கார் வழியில் படுத்தாலும், மணப்பெண்ணின் கொண்டை அவிழ்ந்தாலும், சம்பந்திகள் முறைத்துக்கொண்டாலும், கடைசியில் ஆறிப்போவது நான் விடியற்காலையிலிருந்து கண் கொட்டாமல் காய்ச்சிய சாடி சூப். அதனால் விருந்து வீட்டில் யாராவது கிசுகிசுத்துப் பேசினாலே எனக்குக் கோபம் வந்துவிடும்.

சியோ-தியின் மகன் கல்யாணத்தன்று கிசுகிசுப்பு பதினோரு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. வீட்டின் முன்னால் தெருவை அடைத்துப் பந்தல், முப்பத்திரண்டு வட்ட மேசை. பின்னால் மீன் குளத்தின் கரையில் தார்ப்பாய் கட்டி என் அடுப்புகள். எங்கள் பெய்மென் ஊர் உப்பளக் காற்று நெருப்பை ஒரு பக்கமாகவே சாய்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை புன்-பின் கோட்டும் சூட்டுமாக என்னிடம் ஓடி வந்தான்.

"ஹா அத்தை, சுத்தியல் இருக்கா?"

"நான் சமையல்காரிடா, கொல்லன் இல்ல. எதுக்கு?"

"கூடத்துச் சுவத்துல இன்னொரு ஆணி அடிக்கணும்."

எனக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. கல்யாணக் கூடத்தின் நடுச்சுவரில் ஒரே ஓர் ஆணிதான் இருக்கும். தாய்மாமன் கொண்டுவரும் சிவப்புப் பட்டு வாழ்த்தை அதில் மாட்டுவார்கள். ஊர்த்தலைவர் கொடுத்ததானாலும் சரி, மந்திரி கொடுத்ததானாலும் சரி, மற்ற வாழ்த்தெல்லாம் பக்கச் சுவரில்தான். வானத்தில் வான்தேவன், மண்ணில் தாய்மாமன் என்று எங்கள் ஊரில் சும்மாவா சொல்கிறார்கள்? மாமன் வந்து தலைமேசையின் பெரிய இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் வெடி வெடிப்பார்கள். வெடி வெடித்த பிறகுதான் என் முதல் தட்டு வெளியே போகும்.

"எத்தனை வாழ்த்துடா வருது?" என்றேன்.

"ரெண்டு."

"மாமன்?"

"ரெண்டு," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

இதில் சியோ-தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உப்பளத்தில் கூடை சுமந்த காலத்திலிருந்து அவள் என் சிநேகிதி. அவள் பெயருக்கே 'தம்பியைக் கூப்பிடு' என்று அர்த்தம். அவளைப் பெற்ற வீட்டில் சாப்பிட வாய்கள் அதிகம். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் பிள்ளையே இல்லை. பெண்குழந்தை ஒன்றைத் தத்து எடுத்து அந்தப் பெயரை வைத்தால் அவள் பின்னாலேயே ஆண்குழந்தை வரும் என்று யாரோ சொல்ல, மூன்று வயதில் அவளைக் கொடுத்துவிட்டார்கள். சொன்னபடியே இரண்டே வருஷத்தில் தம்பி வந்து பிறந்தான். அவன்தான் தியென்-சு. இப்போது பால்மீன் குளம் வைத்திருக்கிறான். அன்றைய விருந்துக்கு மீன்கூட அவன் குளத்து மீன்தான். நடக்கக் கற்கும்வரை அவன் அக்காவின் முதுகை விட்டு இறங்கியதில்லை.

பெற்ற வீட்டில் ஓர் அண்ணன். கிம்-சுவா. பக்கத்து டவுனில் லாரி டயர் கடை. தத்துக் கொடுத்த பெண்ணை மறுபடி பார்க்கப் போனால் குழந்தையின் மனம் ஒட்டாது என்று அந்தக் காலத்தில் போகவே விடமாட்டார்கள். ஆறு மைல் தூரத்தில் இருந்துகொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் முகம் பார்க்காமல் இருந்தார்கள். வளர்த்த அம்மா காலமானபின், நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அவனே ஒரு கூடை கொய்யாப்பழத்துடன் வந்து வாசலில் நின்றான். அன்றிலிருந்து புத்தாண்டின் இரண்டாம் நாள் சியோ-தி காலையில் தம்பி வீட்டுக்கும் மதியம் அண்ணன் வீட்டுக்கும் போவாள். பிறந்த வீட்டுக்குப் போகிற நாளில் எங்களுக்கெல்லாம் ஒரு விருந்து, அவளுக்கு இரண்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இரண்டு மாமனும் தங்களுக்குத்தான் பெரிய இருக்கை என்று கிளம்பி வந்தது எப்படி என்றால், அதற்கு மூலகாரணம் சியோ-தியின் புருஷன் போ-சிங். நல்ல மனிதன்தான். வாய்தான் அவன் பேச்சைக் கேட்காது. முறைப்படி புன்-பின் சிவப்பு அழைப்பிதழோடு தியென்-சுவின் வீட்டுக்கு நேரில் போய், "மாமா, பெரிய இருக்கையில வந்து உக்காரணும்," என்று குனிந்து வணங்கிக் கூப்பிட்டிருக்கிறான். அதே வாரத்தில் போ-சிங் தன் வண்டிக்கு டயர் மாற்றப் போன இடத்தில், மரியாதைக்கு எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "மச்சான், நீங்க வந்து பெரிய இருக்கையில உக்காந்தாத்தான் எங்களுக்கு அழகு," என்று சொல்லித் தொலைத்திருக்கிறான். எங்கள் ஊரில் அந்த வார்த்தை விளையாட்டு வார்த்தை இல்லை. சொன்னால் சொன்னதுதான், வாபஸ் கிடையாது.

"யோவ், சொன்னதும் சொன்ன, வீட்டுல வந்து சொல்றதுக்கு என்ன?" என்று அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு அதைப் பெருசா எடுத்துக்குவாருன்னு நெனைக்கலக்கா. டயருக்கு விலை குறைச்சுக் குடுத்தாரு. நான் வாயார ஒரு வார்த்தை சொன்னேன்."

"வாயாரச் சொன்னியா, வாய் கொழுத்துச் சொன்னியா?"

போ-சிங் என் தட்டிலிருந்து ஒரு மீன்சினைத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கவலை வந்தால் அவனுக்குப் பசிக்கும்.

பதினொன்றரைக்கு இரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்கே போய்விட்டேன். சமையல்காரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், சூப் என்னுடையதல்லவா?

கிம்-சுவா முதலில் இறங்கினான். ஐம்பத்தாறு வயது, டயர் தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் கதவை அடைக்கும். தியென்-சு நாற்பத்தைந்து வயது, குட்டை, பீர் தொப்பை, கழுத்துவரை சிவப்பு டை. இருவர் கையிலும் சுருட்டிய சிவப்புப் பட்டு. நேராகத் தலைமேசைக்குப் போனார்கள். பந்தலில் கூடத்து வாசலை ஒட்டி, உள்ளே இருக்கும் முன்னோர் பீடத்துக்கு நேராகப் போட்டிருந்த அந்த ஒரு சிவப்பு ஸ்டூலின் மேல் ஒரே சமயத்தில் இரண்டு கைகள் விழுந்தன.

"தம்பி, கொஞ்சம் கையை எடு," என்றான் கிம்-சுவா.

"பெரியவரே, நீங்க எடுங்க. மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்து கும்பிட்டுக் கூப்பிட்டிருக்கான்."

"மாப்பிள்ளையோட அப்பா என்னைக் கூப்பிட்டிருக்காரு."

"எங்க, டயருக்கு அடியிலயா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். கிம்-சுவாவின் காது சிவந்தது.

"இவ எனக்குக் கூடப் பொறந்தவ. ஒரே அம்மா, ஒரே அப்பா. உனக்கு என்ன ரத்தம் இருக்கு?"

"அவ பேரே என்னைக் கூப்பிடத்தான் வச்சது. அவ கூப்பிட்டா, நான் வந்தேன். என்னைத் தூக்கி வளத்தது அவ முதுகு. அவளைக் கட்டிக் குடுத்தப்போ மூங்கில் கட்டின கல்யாண வண்டிக்குப் பின்னால அழுதுக்கிட்டே ஓடினது நான். நீங்க எங்க இருந்தீங்க?"

"அந்த முதுகை விடு, என் முதுகைக் கேளு. ஒம்பது வயசுல இவளை இந்த முதுகுல சுமந்து ஆறு மைல் நடந்திருக்கேன்டா."

"ஆமா, சுமந்துட்டுப் போயி எங்க வீட்டுல விட்டுட்டு வந்தீங்க. அதுக்குத்தான் பெரிய இருக்கையா?"

கிம்-சுவாவின் தலை குனிந்தது. கையை மட்டும் ஸ்டூலிலிருந்து எடுக்கவில்லை. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தியென்-சுவின் வாயில் ஒரு மீனைத் திணிக்கலாம் போலவும் இருந்தது.

அந்த நேரத்தில் யாரோ, "ஓங் வாத்தியாரைக் கேளுங்கப்பா," என்றார்கள். ஓங் வாத்தியார் மூன்றாம் மேசையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க் கல்யாண வாழ்த்து, கடைப் பலகை, கல்லறை எழுத்து எல்லாம் அவர் தூரிகைதான். இரண்டு பட்டையும் விரித்துப் பார்த்தால் இரண்டும் அவர் கையெழுத்து.

"வாத்தியாரே, ரெண்டையும் நீங்கதான எழுதினீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"எழுதச் சொன்னாங்க, எழுதினேன். துணி தைக்கிறவன் யார் கல்யாணத்துக்குன்னு கேட்டா தைக்கிறான்?" என்று கடலைத் தோலை ஊதினார். "எழுத்து ரெண்டும் நல்லா வந்திருக்கில்ல?"

நன்றாகத்தான் வந்திருந்தது. பட்டின் ஓரத்தில், கொடுப்பவர் யார் என்று சொல்லும் இடத்தில், தங்க மையில் 'கூ' என்ற ஒரு சீன எழுத்து. அந்த ஓரெழுத்துதான் தாய்மாமன். மேலே உரலைக் குறிக்கும் வடிவம், அதற்குக் கீழே ஆணைக் குறிக்கும் வடிவம். இரண்டு பட்டிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தது.

"படிச்சவரு நீங்க, சொல்லுங்க. இந்த எழுத்து பெத்த வீட்டு மாமனுக்கா, வளத்த வீட்டு மாமனுக்கா?" என்றான் தியென்-சு.

இதைத்தான் கேட்டிருக்கக் கூடாது. ஓங் வாத்தியாரிடம் எழுத்தைப் பற்றிக் கேட்பது குரங்குக்குக் கள் ஊற்றுகிற மாதிரி. கடலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டார்.

"இந்த எழுத்தை லேசா நெனைக்காதீங்க. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால அம்மாவோட கூடப் பொறந்தவனும் இதே எழுத்து, புருஷனோட அப்பாவும் இதே எழுத்து. பொண்டாட்டியோட அப்பாவுக்கு முன்னால 'வெளி'ன்னு ஒண்ணு சேத்து, அவரும் இதே எழுத்துதான். ஏன்? அந்தக் காலத்துல ரெண்டு வீடும் மாத்தி மாத்திப் பொண்ணு குடுத்துக்கிட்டாங்க. எங்கம்மாவோட அண்ணன் மகளை நான் கட்டினா அவரு எனக்கு யாரு? மாமன், மாமனார் ரெண்டும் அவருதான். படிச்சவங்க அப்படித்தான் சொல்றாங்க. அப்புறம் அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு, மாமனாருக்கு வேற பேரு வந்துடுச்சு. அதுக்கும் அப்புறம் பொண்டாட்டியோட அண்ணன் தம்பியெல்லாம் இந்த எழுத்துக்குள்ள குடிவந்துட்டாங்க. ராஜா கூட, வேற குலத்துச் சிற்றரசனைப் பாத்து இந்த எழுத்தாலதான் கூப்பிடுவாரு."

"உரல் எதுக்கு வாத்தியாரே மேல?" என்று ஒருவன் கேட்டான்.

"அது ஓசைக்கு. அர்த்தம் ஒண்ணும் இல்ல."

"அர்த்தம் இல்லாமயா? தங்கச்சி வீட்டு இடியெல்லாம் வாங்குறதுக்கு," என்று இன்னொருவன் சொல்ல, நாலு மேசை சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். உரல்கள் இரண்டும் டை கட்டி நின்றன. மத்தளம் எங்கே என்று பார்த்தேன். சியோ-தி சுவர் ஓரமாக, மயில்நீலப் பட்டு உடையில், இரண்டு கையாலும் ஒரு பிளாஸ்டிக் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் போ-சிங் முகம் மலர்ந்து ஒரு கேள்வி கேட்டான்.

"வாத்தியாரே, புருஷனோட அப்பாவும் இதே எழுத்துன்னீங்களே. அப்படிப் பாத்தா, இன்னைக்கு வந்திருக்கற பொண்ணுக்கு நானும் அந்த எழுத்துத்தான? இவங்க ரெண்டு பேருக்கும் தகராறு வேணாம், நானே உக்காந்துடவா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். இரண்டு மச்சான்களும் அன்று முதல்முறையாக ஒன்று சேர்ந்து அவனைப் பார்த்த பார்வையில் மனிதன் நேராக என் மீன்சினைத் தட்டுக்கே திரும்பிவிட்டான்.

நான் அடுப்புக்குத் திரும்பியபோது சியோ-தி எனக்கு முன்னால் அங்கே வந்து நின்றாள். பட்டு உடையின் மேல் என் அழுக்கு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பூண்டு உரிக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் அம்மா பூண்டு உரிக்கிற கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

"ஏன்டீ, போய் ஒண்ணு முடிவு பண்ணு. அவங்க உன் கூடப் பொறந்தவங்க," என்றேன்.

"என்ன முடிவு பண்ண? அண்ணன் உக்காந்தா தம்பி கார்ல ஏறிடுவான். தம்பி உக்காந்தா அண்ணன் ஏறிடுவாரு. ஏறினா ரெண்டும் திரும்பற ஜாதி இல்ல. வீம்புல ரெண்டும் ஒரே அச்சு, அதுல மட்டும் ரத்தம் தேவையில்ல போல."

"ஒருத்தருக்குச் சொல்லிப் புரிய வைக்கலாம்ல?"

"ஹா, நாப்பது வருஷம் அண்ணன் இல்லாம இருந்தேன். நாலு வருஷமாத்தான் ரெண்டு பேர் இருக்காங்க. இன்னைக்குப் பன்னிரண்டு மணிக்கு அதுல ஒருத்தர் இல்லாம போயிடுவாங்க. யாருன்னு என்னையே கை காட்டச் சொல்றியா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பூண்டுதான் காரணம் என்பதுபோல் கையை மோந்து பார்த்தாள். பிறகு அவளே சிரித்தாள். "ரெண்டு பேரும் கோவிச்சுக்கிட்டுப் போனாங்கன்னு வை, நான் செத்தா பெட்டிக்கு ஆணி அடிக்க யாரடீ வருவா? நீ வந்து கரண்டியால அடிப்பியா?"

எங்கள் ஊரில் அப்பா செத்தால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அம்மா செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து முகம் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் பெட்டிக்கு ஆணி. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாலும் எனக்குத் துக்கம் வந்தது. துக்கம் வந்தால் எனக்கு அது உடனே கோபமாக மாறிவிடும், அது என் சுபாவம்.

சுற்றிலும் பார்த்தேன். என் வெட்டுப்பலகை ஒரு பழைய மரப் பெஞ்சின் மேல் இருந்தது. வட்ட மேசையும் பிளாஸ்டிக் ஸ்டூலும் வருவதற்கு முன்னால், சதுர மேசையின் நாலு பக்கமும் போடுவார்களே, இருவர் உட்காரும் ஒடுங்கிய நீளப் பெஞ்சு, அது. வெட்டுப்பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு, பெஞ்சின் மேல் ஒரு வாளி கொதிநீரைக் கொட்டி, சிவப்பு மேசைத்துணியால் துடைத்தேன்.

"என்ன பண்ற நீ?" என்றாள் சியோ-தி.

"மீன் வெட்டின பெஞ்சு. கொஞ்சம் நாறும். தாங்கிக்கட்டும்."

பெஞ்சைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நான் பந்தலுக்குள் நுழைந்ததும் பசியில் இருந்த முந்நூறு பேரும் வழி விட்டார்கள். கிம்-சுவாவும் தியென்-சுவும் இன்னும் அந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். கையோடு பிடுங்கி அதைப் பின்னால் வீசிவிட்டு, அதே இடத்தில் பெஞ்சைப் போட்டேன்.

"உக்காருங்க ரெண்டு பேரும்."

"பெரிய இருக்கைன்னா ஒரு ஆளுக்குத்தான்," என்றான் தியென்-சு.

"எங்கப்பா காலத்துல இது பெஞ்சாத்தான் இருந்துச்சு. ஸ்டூலைக் கொண்டாந்தது யாரு, வான்தேவனா?"

"அப்பவும் இடது பக்கந்தான் ஒசத்தி," என்றான் கிம்-சுவா. "இடது பக்கம் யாரு?"

மறுபடியும் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. நான் பந்தல் வாசலைப் பார்த்தேன். என் புருஷன் வெடிச்சரத்தைத் தொங்கவிட்டு, காலை பத்து மணியிலிருந்து ஊதுவத்தியோடு காத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக் கரண்டியை ஆட்டினேன். என்னுடன் முப்பது வருஷம் வாழ்ந்தவன், கேள்வி கேட்காமல் பற்றவைத்தான்.

வெடி முடிவதற்குள் மாமன் உட்கார்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் மணமக்களுக்கு ஆகாது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். முதல் வெடிச் சத்தத்திலேயே இரண்டு மாமன்களும், யார் எந்தப் பக்கம் என்று கூடப் பார்க்காமல், தொப்பென்று பெஞ்சில் விழுந்தார்கள். புகை கலைந்தபோது கிம்-சுவா இடது ஓரத்திலும் தியென்-சு வலது ஓரத்திலும் இருந்தார்கள். ஊர் கை தட்டியது. நான் முதல் தட்டை வெளியே அனுப்பினேன்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்துத்தான் நான் சாடி சூப்பை இரண்டாம் முறை சூடாக்கினேன். தலைமேசைக்கு நானே எடுத்துப் போனபோது அந்த இருவரும் நடுவில் இன்னோர் ஆள் உட்காரும் இடம் விட்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நண்டுச் சோற்றைக்கூட ஒருவருக்கு ஒருவர் தள்ளவில்லை. அவர்களுக்கு எதிரே சியோ-தி ஒரு பருக்கையும் வாயில் வைக்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விருந்து முடிந்ததும் இரண்டு கார்களும் இரண்டு பக்கம் போகும், புத்தாண்டில் ஒரு வீட்டுக் கதவு மூடியிருக்கும் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

மணமக்கள் கோப்பையோடு வந்தார்கள். மாமன் எழுந்து இரண்டு வார்த்தை வாழ்த்த வேண்டும். யார் முதலில் என்று யோசிக்க இடம் கொடுக்காமல் கிம்-சுவா சட்டென்று எழுந்தான்.

அந்த மாதிரிப் பெஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. கால்கள் உள்ளே தள்ளி இருக்கும். ஓர் ஓரத்தில் இருப்பவர் சொல்லாமல் எழுந்தால் மறு ஓரத்தில் இருப்பவர் கதி அவ்வளவுதான். பெஞ்சு குதிரைபோல் ஒரு முனையில் எழும்பியது. தியென்-சு, டை, தொப்பை, நண்டுச் சோறு எல்லாம் சேர்ந்து தரையில் போய் விழுந்தன.

முந்நூறு பேரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். மாமன் கீழே விழுந்த கல்யாணத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? தியென்-சு எழப் பார்த்தான், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா," என்று மறுபடி உட்கார்ந்தான். முகத்தில் வலியைவிட அவமானம். சொல்லப்போகும் வார்த்தைகள் அவன் தொண்டையில் வரிசையாக நிற்பது எனக்கே தெரிந்தது. சியோ-தி கண்ணை மூடிக்கொண்டாள்.

கிம்-சுவா கோப்பையை மேசையில் வைத்தான். பிறகு கோட்டைக் கழற்றி மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, தியென்-சுவுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்தான்.

"ஏறு."

"என்னது?"

"முதுகுல ஏறுடா. உள்ள போய் மருந்து தடவணும். அந்தக் காலை ஊனினா வீங்கிடும்."

"வேணாம், நான் ரொம்பக் கனம்."

"லாரி டயரு உன்னைவிடக் கனம். அது இவ்வளவு பேசாது. ஏறு."

தியென்-சு அக்காவைப் பார்த்தான். அக்கா தலையை ஆட்டினாள். நாற்பத்தைந்து வயது ஆள், தொப்பையோடு, சிறு பிள்ளைபோல் இரண்டு கையையும் அவன் கழுத்தில் போட்டுக்கொண்டான். கிம்-சுவா ஒரு முனகலோடு எழுந்தான். அவர்கள் வாசல்படி ஏறப் போனபோது சியோ-தி கையில் தம்பியின் ஒற்றைச் செருப்போடு பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணே!"

கிம்-சுவா நின்றான்.

"அன்னைக்கு என்னை இப்படித்தான் தூக்கிட்டுப் போயி விட்டுட்டு வந்தீங்க. இன்னைக்கு இவனையும் அங்கயே விட்டுட்டு வந்துடாதீங்க."

பக்கத்து மேசைகளில் சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் கிம்-சுவா சிரிக்கவில்லை. திரும்பாமலே சொன்னான்.

"அன்னைக்கு உன்னை எறக்கி விட்டப்போ, சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். நீ ஒரு சக்கரவள்ளிக் கிழங்கைக் கையில வச்சுக்கிட்டு, சரின்னு தலையாட்டின. அது பொய்யின்னு எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

அவன் முதுகில் இருந்த தியென்-சு, காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தவன், மெதுவாக அவன் தோளைத் தட்டினான்.

"அண்ணே, நடங்க. சூப் ஆறுது. அந்தச் சமையல்கார அக்கா அடிக்கும்."

காலையில் பெரியவரே என்று அழைத்தவன் அண்ணே என்றதை எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது, நான் கவனித்தேன். கிம்-சுவா உள்ளே போனான். நான் தலைமேசை சூப் சாடியின் மூடியை மூடினேன். போ-சிங் அதைத் திறக்கக் கை நீட்டினான், கரண்டியால் ஒன்று வைத்தேன்.

கால் மணி நேரம் ஆனது. மருந்தெண்ணெய் வாசனை முதலில் வந்தது, பிறகு அவர்கள் வந்தார்கள். கிம்-சுவாவின் சட்டை முதுகெல்லாம் நண்டுச் சோறு. நேராகத் தங்கையின் முன்னால் வந்து, குனிந்து, அந்தக் கனத்தைப் பெஞ்சில் பத்திரமாக இறக்கி வைத்தான். மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்தான்.

"இந்தா. திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

சியோ-தி தம்பியின் காலில் செருப்பை மாட்டிவிட்டாள். பிறகு எழுந்து அண்ணனின் முதுகில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

"நாப்பத்தேழு வருஷம் லேட்டு," என்றாள். "பரவாயில்ல, உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். இந்த முறை ஓரத்தில் இல்லை. இருவரும் நடுவில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். விழக்கூடாது என்ற பயம்தான் காரணம் என்று பிறகு தியென்-சு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். வாழ்த்துச் சொல்லும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சேர்ந்து எழுந்தார்கள். புன்-பின் கோணலாக அடித்த இரண்டாவது ஆணி அதற்குள் சுவரிலிருந்து கழன்று விழுந்திருந்ததால், இரண்டு பட்டையும் ஒரே ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருந்தார்கள். ஓங் வாத்தியார் தன் எழுத்தில் பாதி மறைந்துவிட்டதே என்று கடைசிவரை புலம்பினார்.

சியோ-தி கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள். "ஹா, எனக்குப் பசிக்குது. சூப் சூடா இருக்கா?"

"எப்படிடீ சூடா இருக்கும்?" என்று கத்திவிட்டு, மூன்றாம் முறை சூடாக்க அடுப்புக்கு ஓடினேன்.